புற்றுநோய் ஆய்வுக்கு நோயாளிகளை எப்படிச் சேர்க்கிறார்கள்? டர்பன் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஆன்காலஜி கிளினிக்கில் டாக்டர், "ஒரு ஸ்டடி நடக்குது, உங்களுக்குப் பொருந்தும்போல இருக்கு. சேர விருப்பமா?" என்று கேட்டால், அந்தக் கேள்வி அன்று காலையில் முளைத்ததல்ல. அதற்கு முன்பே யாரோ உங்கள் ஃபைலைப் புரட்டியிருக்கிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ரத்தப் பரிசோதனையையும் ஒரு நீண்ட நிபந்தனைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். பலரைக் கழித்த பிறகு உங்கள் பெயர் மிஞ்சியிருக்கிறது. இந்த வேலை முழுவதற்கும் ஆட்சேர்ப்பு என்று பெயர். ஆள் பிடிக்கிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் ஆளைக் கழிக்கிற வேலைதான்.

முதலில் ஆய்வு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு புதிய புற்றுநோய் மருந்து பல கட்டங்களாகச் சோதிக்கப்படுகிறது. முதல் கட்டத்தில் உடம்பு எவ்வளவு டோஸ் தாங்கும் என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் சில பத்துப் பேர் போதும். வழக்கமான ஒரு முறை இது: 3 பேருக்குக் குறைந்த டோஸ் கொடுப்பார்கள். யாருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த 3 பேருக்குக் கொஞ்சம் கூடுதல் டோஸ். ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் 3 பேர். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் புதிய சிகிச்சையை இப்போது நடைமுறையில் உள்ள சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பிடுவார்கள். அதற்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஆட்கள் வேண்டும். அதனால் ஒரே ஆய்வு பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும். தென்னாப்பிரிக்காவும் அடிக்கடி அதில் ஓர் இடமாக இருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. திருவுளச் சீட்டுப் போடுவதுபோல ஒரு கணினி முடிவு செய்யும். டாக்டரே தேர்ந்தெடுத்தால், தெம்பாக இருப்பவர்களைத் தன்னையறியாமல் புதிய மருந்துப் பக்கம் தள்ளிவிடக்கூடும். அப்புறம் மருந்து நல்லதா, ஆள் நல்ல உடம்புக்காரரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாத்திடுவாங்களா?" என்ற பயம் எல்லோருக்கும் வரும். பலன் தரும் சிகிச்சை ஒன்று ஏற்கெனவே இருக்கும் புற்றுநோய்க்கு, அதை நிறுத்திவிட்டுப் போலி மருந்து மட்டும் கொடுக்க, ஆய்வில் நோயாளிகளுக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாது. வழக்கமான கீமோவோடு ஒரு சாராருக்குப் புதிய மருந்து, மறு சாராருக்குப் போலி மருந்து என்று சேர்த்துக் கொடுப்பார்கள். கீமோ இரு தரப்புக்கும் உண்டு.

அனுமதி விஷயம் சுருக்கமாக. புதிய மருந்து ஆய்வு எதுவானாலும் சாஃப்ரா எனப்படும் தென்னாப்பிரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். 2018 வரை அந்த வேலையைப் பழைய மருந்துக் கட்டுப்பாட்டு மன்றம் பார்த்து வந்தது. அதோடு, பதிவு பெற்ற ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்துக்கு அப்படி ஒரு குழு உண்டு. ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிந்திருக்க வேண்டும். நோயாளிகளை அழைக்கும் போஸ்டர், துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வெளியிடும் முன் குழு படித்துப் பார்க்கும். "குணமாக்கும் அதிசய மருந்து", "இலவச சிகிச்சை" என்றெல்லாம் கொட்டை எழுத்தில் ஒரு அழைப்பு வந்தால் சந்தேகப்படுங்கள். முறையான குழு எதுவும் அதைத் தாண்டிப் போக விடாது.

இனி கழிக்கும் கதை. மருந்தியல் அறிஞர் லூயி லசக்னா பெயரில் ஒரு விதி வேடிக்கையாகச் சொல்லப்படுவதுண்டு: ஆய்வு தொடங்கிய மறுநாள் பொருத்தமான நோயாளிகள் காணாமல் போய்விடுவார்கள், ஆய்வு முடிந்ததும் திரும்பி வருவார்கள். வேடிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்குப் புதிதாக 200 மார்பகப் புற்றுநோயாளிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆய்வு, ஹெர்2 என்ற புரதம் கட்டியில் அதிகமாக இருக்கும் ஹெர்2 பாசிட்டிவ் வகைக்கானது. மார்பகப் புற்றுநோயில் அந்த வகை 15 முதல் 20 சதவீதம். அப்படியானால் 30 முதல் 40 பேர். அதிலும் நோய் பரவிய, இதுவரை சிகிச்சை எடுக்காத பெண்கள் மட்டுமே வேண்டும் என்றால் 10 பேர் தேறலாம். இருவருக்கு இதயத்தின் பம்ப் செய்யும் திறன் போதாது. ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது. ஒருவருக்கு வேறு ஊருக்கு மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மிஞ்சிய 6 பேரில் பாதிப் பேர் சம்மதித்தால் ஆண்டுக்கு 3. இது கற்பனைக் கணக்குதான், ஆனால் போக்கு இப்படித்தான் இருக்கும். தொடக்கக் கூட்டத்தில் "ஆறு மாசத்துல பத்துப் பேர் தந்துடுவோம்" என்று வாக்குக் கொடுக்கும் மையங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போதிய ஆட்கள் சேராமல் பாதியில் மூடப்படும் ஆய்வுகள் உலகெங்கும் ஏராளம். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் கொடுத்த ரத்தமும் நேரமும் அதில் வீணாகின்றன.

"நம்ம ஜனங்க பயந்து மறுத்துடறாங்க" என்று பழி போடுவது சுலபம். அமெரிக்காவில் 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. அங்கே பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு, சுமார் 56 சதவீதம் பேருக்கு, அவர்கள் மருத்துவமனையில் பொருத்தமான ஆய்வே இல்லை. இன்னொரு 22 சதவீதம் பேர் நிபந்தனைகளில் தள்ளுபடி. கடைசியில் சேர்ந்தவர்கள் 8 சதவீதம். அதே ஆராய்ச்சியாளர்களின் 2021 தொகுப்பு, கேட்கப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் சம்மதித்ததாகக் காட்டியது. கறுப்பின நோயாளிகளும் வெள்ளையர்களுக்குச் சற்றும் குறையாமல் சம்மதித்தார்கள். அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். ஆனால் இடறும் இடம் எது என்பதை அது காட்டுகிறது. பலரிடம் யாருமே கேட்பதில்லை.

குவாசுலு-நடாலில் அதற்குக் காரணங்கள் கண்கூடு. இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு நேராகப் போய் நிற்க முடியாது, பரிந்துரைக் கடிதம் வேண்டும். சாட்ஸ்வர்த்தில் ஆர். கே. கான் மருத்துவமனையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர் அங்கிருந்து ஆன்காலஜிக்குப் போய்ச் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். 2017இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம், இந்த மாகாணத்தில் புற்றுநோய் மருத்துவர்களும் வேலை செய்யும் இயந்திரங்களும் போதாமல் நோயாளிகளின் உரிமை மீறப்பட்டதாகவே அறிக்கை கொடுத்தது. இத்தனை நெரிசலில் டாக்டருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். அதில் ஸ்டடியைப் பற்றிப் பேச நேரம் ஏது? அதனால் நன்றாக நடக்கும் மையங்களில் ஒரு ஆய்வு நர்ஸ் முந்தின நாளே மறுநாள் வருவோர் பட்டியலைப் பார்த்து, பொருந்தக்கூடியவர் ஃபைல்மேல் ஒரு சீட்டு ஒட்டி வைப்பார். அந்தச் சீட்டு இருந்தால் டாக்டருக்கு நினைவு வரும். இல்லாவிட்டால் அந்த நோயாளிக்கு அன்று மாலையே முதல் கீமோ ஏறிவிடும். "இதுவரை சிகிச்சை எடுக்காதவர்" என்ற நிபந்தனை அத்தோடு போயிற்று.

ஃபைலை யார் திறக்கலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதித்த முறைக்கு வெளியே உங்கள் விவரத்தை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் போன் போட்டு "உங்களுக்குக் கேன்சர்னு தெரியும், ஒரு ஸ்டடி இருக்கு" என்று பேசக்கூடாது. முதல் பேச்சு உங்களுக்குச் சிகிச்சை தரும் குழுவிடமிருந்து வருவதுதான் முறை.

நிபந்தனைப் பட்டியலைப் பார்த்தால் சிலருக்குக் கோபம் வரும். "எனக்கு மருந்து வேணும்னு நானே கேக்கிறேன், வேண்டாங்கிறாங்க." ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு காரணம் உண்டு. ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்கள் ஒரு லிட்டருக்கு 1.5 பில்லியனுக்குக் குறையக்கூடாது, தட்டணுக்கள் 100 பில்லியனுக்குக் குறையக்கூடாது என்பது பல ஆய்வுகளில் உள்ள வரம்பு. ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு மருந்து அதை இன்னும் இறக்கினால் தொற்றிலோ ரத்தக் கசிவிலோ உயிர் போகலாம். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 9 கிராமாவது இருக்க வேண்டும் என்பார்கள். ஸ்கேனில் அளந்து காட்டக்கூடிய கட்டி ஒன்றாவது வேண்டும். பொதுவாக 10 மி.மீ., நெறிகட்டியாக இருந்தால் குறுக்கே 15 மி.மீ. அளக்க முடியாத கட்டி சுருங்கியதா என்று எப்படிச் சொல்வது? எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதற்கு 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் உண்டு. 0 என்றால் முழுத் தெம்பு, எண் கூடக் கூடத் தளர்ச்சி. அதில் 0 அல்லது 1 தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

நம் வீடுகளில் அதிகம் இடிக்கும் நிபந்தனை சர்க்கரை. டர்பன் இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சில புற்றுநோய் மாத்திரைகள், உதாரணமாக மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஆல்பெலிசிப், சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். கீமோவோடு தரும் ஸ்டீராய்டும் ஏற்றும். அதனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் தள்ளிவிடுவார்கள். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி: "சர்க்கரை உள்ளவர் கூடாது" என்பதும் "கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை உள்ளவர் கூடாது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைதான் அதிகம். மருந்தை ஒழுங்காக எடுத்து அளவு இறங்கினால் மறுபடி பரிசோதித்துச் சேர்க்க, ஆய்வின் விதிகளை எழுதி வைத்திருக்கும் ப்ரோட்டோகாலில் பெரும்பாலும் இடமிருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களையும் முன்பு கண்ணை மூடிக்கொண்டு விலக்கிவிடுவார்கள். மருந்தால் வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்களைச் சேர்க்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2017இல் பரிந்துரைத்தது. தென்னாப்பிரிக்கா போன்ற நாட்டில் அந்தப் பழைய விலக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. மஞ்சள் சத்து மாத்திரை, இந்தியாவிலிருந்து வந்த சூரணம், மூலிகைக் கஷாயம் இவை வேறு. சில மூலிகைகளும் கிரேப்ஃப்ரூட் பழமும், நம் கல்லீரல் ஒரு மருந்தை உடைக்கும் வேகத்தை மாற்றிவிடும். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறித் தங்கும், அல்லது வேலை செய்யுமுன் கரைந்துவிடும். நர்ஸ் கேட்கும்போது "ஒண்ணும் எடுக்கலை" என்று சொல்லிவிட்டு வீட்டில் குடித்தால் கெடுவது ஆய்வு மட்டுமல்ல. புரட்டாசி விரதமோ, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் விரதமோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். மரக்கறி விரதத்தால் தொந்தரவு இல்லை, நாள் முழுக்கப் பட்டினி என்றால் நேரத்தை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.

சம்மதம் சொன்ன பிறகும் ஒருவர் ஆய்வில் சேர்ந்தவராக ஆகிவிடுவதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகே ஆய்வுக்கான பரிசோதனைகள் தொடங்கும். அதற்கு முன் ஆய்வுக்காக ஒரு துளி ரத்தம்கூட எடுக்கக்கூடாது. பெரும்பாலும் 28 நாள் கெடு இருக்கும். அதற்குள் ஸ்கேன், இதயப் பரிசோதனை, ரத்தம், பழைய பயாப்ஸியின் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி எல்லாம் வந்து சேர வேண்டும். தகராறு பெரும்பாலும் இந்த மெழுகுக் கட்டியில்தான் வரும். பயாப்ஸி ஒரு ஊரில் எடுத்திருப்பார்கள், மெழுகுக் கட்டி வேறொரு ஆய்வகத்தின் அலமாரியில் இருக்கும். கடிதம் எழுதி, தேடி எடுத்து, அனுப்பி, அதில் போதுமான திசு மிச்சமில்லை என்று தெரியவரும்போது மூன்று வாரம் போயிருக்கும். அதற்குள் ஸ்கேன் 28 நாளைத் தாண்டிப் பழசாகிவிடும். மறுபடி ஸ்கேன், மறுபடி வரிசை. இதைத் தெரிந்தவர்கள் கையெழுத்தான அன்றே மெழுகுக் கட்டிக்கு எழுதிவிடுவார்கள். ஸ்கேன் தேதியைக் கெடுவின் பின்பாதியில் வைப்பார்கள். நோயாளி தரப்பில் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: பயாப்ஸி எந்த மருத்துவமனையில், எந்தத் தேதியில் எடுத்தார்கள், அந்த ரிப்போர்ட்டின் எண் என்ன என்பதை ஒரு காகிதத்தில் எழுதி முதல் நாளே கொண்டுவாருங்கள்.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி ஒப்புதல். அதிலும் நம் குடும்பங்களில் முதல் முடிச்சு, நோயையே மறைப்பது. "ஆயாவுக்குக் கேன்சர்னு சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க. நாங்க கையெழுத்துப் போடறோம்." அன்பில் சொல்வதுதான். ஆனால் நினைவும் அறிவும் தெளிவாக இருக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்காக மகனோ மருமகளோ கையெழுத்துப் போட முடியாது. நோய் என்னவென்று தெரியாதவர் ஆய்வுக்குச் சம்மதித்ததாகச் சொல்லவும் முடியாது. இந்த இடத்தில் நல்ல நர்ஸ் குடும்பத்தோடு சண்டை போட மாட்டார். பெரியவரிடமே கேட்பார்: "ஆயா, உங்க உடம்பைப் பத்தி எல்லாத்தையும் நீங்களே தெரிஞ்சுக்கணுமா, இல்ல பெரிய மகன்கிட்ட சொன்னா போதுமா?" பெரும்பாலும் ஆயாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தனக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நம்பட்டும் என்று இருப்பார். "மகன்கிட்ட பேசுங்க, எனக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் சிகிச்சை நடக்கலாம், ஆய்வு நடக்காது. அங்கே விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது மொழி. ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும் இருக்கும், பக்கங்கள் இருபதைத் தாண்டுவதும் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தடையல்ல. வயதான சிலருக்கும், தமிழ்நாட்டிலிருந்து சமீபத்தில் வந்தவர்களுக்கும் தடைதான். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதிப்புப் பெற வேண்டிய சமூக மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதற்காகத் தமிழ்ப் படிவம் தானாக வந்துவிடாது. கேட்க வேண்டும். கேட்டால் மொழிபெயர்த்து, அதை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர நாள் ஆகும். அதுவரை பேரனை உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்வது தவறான வழி. அவன் "இறந்துபோக வாய்ப்பு" என்ற வரியை விட்டுவிடுவான். எந்தப் பேரனும் விட்டுவிடுவான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முழுவதும் கூட இருந்து கேட்டு, கைரேகைக்குப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். அதனால் வேறு விதமாகக் கேட்பார்கள்: "வீட்டுக்குப் போனதும் மகள் கேட்டா, இந்த ஸ்டடி என்னன்னு எப்படிச் சொல்வீங்க?" பதில் "டாக்டர் எனக்குன்னு நல்ல மருந்தாப் பார்த்துக் கொடுக்கப் போறாரு" என்று வந்தால் அன்று கையெழுத்து வாங்கக்கூடாது. எந்த மருந்து என்று டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை, புதியது பழையதைவிட நல்லது என்று யாருக்கும் இன்னும் தெரியாது, அது தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. இந்த மூன்றும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் சரி. "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற மரியாதை நம்மிடம் அதிகம். அதனாலேயே படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வது நல்லது. இன்னொரு அழுத்தமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு, ஸ்டடியில் சேர்ந்தால் ஸ்கேன் உடனே நடக்கும் என்பதே பெரிய தூண்டில். அப்படிச் சேர்வது தவறில்லை. ஆனால் சேராவிட்டால் வழக்கமான சிகிச்சை எப்போது, எப்படிக் கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு.

ஒப்புதல் வெறும் சடங்கானால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. ஜொஹானஸ்பர்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் வெர்னர் பெஸ்வோடா, மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக டோஸ் கீமோ நல்ல பலன் தருவதாக 1999இல் அமெரிக்க மாநாட்டில் அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க நிபுணர்கள் வந்து ஃபைல்களைச் சோதித்தபோது பலரின் பதிவுகள் இல்லை. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களும் கிடைக்கவில்லை. தரவு பொய் என்று வெளியாகி அவர் பதவி இழந்தார். இன்று கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் கேட்டு நர்ஸ் நச்சரித்தால் எரிச்சல்படாதீர்கள். கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்காகக் கூடுதலாகச் செய்யும் பரிசோதனைகளுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனம் கொடுக்கும். வழக்கமான சிகிச்சைச் செலவு மருத்துவமனைக்கோ மெடிக்கல் எய்டுக்கோ போகலாம். எது எதில் சேரும் என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே பங்கேற்பாளருக்குத் தரும் தொகையை நேரம், சிரமம், செலவு என்ற மூன்றையும் வைத்துக் கணக்கிடுவார்கள். போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து டர்பனுக்கு 120 கிலோமீட்டர். கூட வரும் மகளின் டாக்ஸிக் கட்டணமும் அதில் சேருமா என்று முதல் நாளே கேட்காத குடும்பங்கள்தான் மூன்றாம் தடவைக்குப் பிறகு வராமல் நின்றுவிடுகின்றன. ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் காப்பீடு உண்டா, ஆய்வு முடிந்த பிறகும் மருந்து பலன் தந்துகொண்டிருந்தால் அது தொடர்ந்து கிடைக்குமா என்ற இரண்டுக்கும் படிவத்திலேயே பதில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். சில மருந்துகளை நிறுத்திய பிறகும் சில வாரம் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

சேர்ந்ததும் ஒரு சிறிய அட்டை கொடுப்பார்கள். ஆய்வின் பெயரும் 24 மணி நேரமும் எடுக்கும் ஒரு போன் எண்ணும் அதில் இருக்கும். அதைப் பர்ஸில் வையுங்கள், வீட்டில் இன்னொருவரையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடு ராத்திரி காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டி கேஷுவால்டிக்கு ஓடினால், அங்கிருக்கும் டாக்டருக்கு நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று தெரிய வழியில்லை. யாருக்கு எது என்பதை ரகசியமாக வைத்திருக்கும் ஆய்வானால் உங்களுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். அந்த எண்ணுக்கு அவர் பேசினால், அவசரமென்றால் ரகசியத்தைத் திறந்து எது கொடுக்கப்பட்டது என்று சொல்ல அவர்களிடம் ஏற்பாடு உண்டு.